பசிக்குதோ எண்டு கேக்கிறார்

எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளை இருக்கிறாள், எந்த வகுப்பு எண்டு சொல்லமாட்டன், சின்ன ஊர், ரெண்டு வரி வாசிச்ச உடன ஆரெண்டு கண்டுபிடிச்சிடுவினம், அதால சில விசயங்களை மாத்தித்தான் எழுதுறன். முதல் பாடம் பாதி போனாப்பிறகுதான் வருவாள். சட்டை ஈரமா இருக்கும், விடியத் தோய்ச்சுப் பிழிஞ்சு அப்பிடியே போட்டுக்கொண்டு வாறது. மத்தியானம் பள்ளிக்கூடத்தில குடுக்கிற சோத்தில பாதியை லஞ்ச் சீற்றில சுத்தி பாக்குக்குள்ள வைப்பாள், ஒருத்தரும் காணாத மாதிரி, நாங்களும் காணாத மாதிரி இருப்பம். தாய்க்குச் சுகமில்லை. என்ன சுகமில்லை எண்டு கேட்டால் "தலையிடி ரீச்சர்" எண்டுவாள். ஸ்டாஃப் ரூமில அவளைப் பற்றி எல்லாரும் ஒரே சொல்லுத்தான், பொறுப்பான பிள்ளை.

அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அடிவயித்துக்குள்ள என்னவோ செய்யும். பதினாலு வயசில என்னையும் அப்பிடித்தான் சொன்னவை.

2009ல சண்டை முடிஞ்சாப்பிறகு எங்களை வைச்சிருந்த செட்டிகுளம் முகாமால நாங்கள் வந்தது 2010. முதல் தறப்பாள், பிறகு தகரக் கொட்டில், 2013ல வீட்டுத்திட்டத்தில கல்வீடு. வன்னியில விசுவமடுப் பக்கம். 2009ல எங்கட வீட்டில என்ன நடந்தது எண்டு இதில எழுதப்போறதில்லை, அம்மம்மாவும் சின்ன மாமாவும் எங்களோடதான் வெளிக்கிட்டவை, செட்டிகுளத்துக்கு வந்து சேரேல்ல, அவ்வளவு போதும். அந்த நேரம் அம்மா அழுததை நான் காணேல்ல. முகாமில தண்ணிக்கு வரிசையில நிண்டது, விறகுக்குச் சண்டை பிடிச்சது, ராவில டோர்ச் வெளிச்சத்தில எங்களுக்குப் பேன் பாத்தது எல்லாம் அவதான். அப்பிடி நிண்ட மனுசி, வீடு கட்டி முடிச்சு, கதவு போட்டு, பால் காய்ச்சி, வீட்டுக்கு வாங்கின கடனை அடைக்க அப்பா கட்டாருக்கு வெளிக்கிட்டுப் போனாப்பிறகுதான் விழுந்தவ. சனத்துக்கு அது விளங்கேல்ல. எல்லாம் சரிவந்த நேரத்தில இவவுக்கு என்ன வந்தது எண்டு கேட்டவை. சித்தி கூட கேட்டவ. இப்ப எனக்கு அதில ஒரு புதினமும் தெரியேல்ல, ஓடேக்க ஆருக்குத்தான் கால் நோகுது, குந்தினாப்பிறகுதானே தெரியுது.

விழுந்தவ எண்டால் படுத்த படுக்கை எண்டு நினைக்காதேங்கோ. எழும்புவா. முத்தம் கூட்டத் தொடங்குவா, பாதி முத்தத்தில விளக்குமாத்தைப் பிடிச்சபடி அப்பிடியே நிப்பா, நான் போய்க் கையால வாங்கும்வரைக்கும். தேத்தண்ணிக்கு வைச்ச தண்ணி வத்திக் கேத்தில் அடி கருகும். தலை விறைக்குது, நெஞ்சு படபடக்குது, தோலுக்குள்ள எறும்பு ஊருது எண்டுவா, ஆனா கவலையா இருக்கு எண்டு ஒருநாளும் சொல்லேல்ல, அந்தச் சொல்லே வராது. பிறஷர் பாத்தாச்சு, சீனி பாத்தாச்சு, ஒண்டுமில்லை. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேத்தி வைச்சாச்சு, கையில நூல் கட்டியாச்சு. மருந்துக்கடைக்காரர் ஒருதர் நரம்புத் தளர்ச்சி எண்டு சொல்லி ஒரு சத்துக் குளிசை தந்தார். ஊரில அந்தப் பேர் நிண்டிட்டுது. அதுவும் நல்லதுக்குத்தான், விசர் எண்டு சொல்லுறதை விட நரம்பு எண்டு சொன்னால் மரியாதை.

எனக்கும் தம்பிக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. சொல்லாட்டில் பிள்ளையள் தாங்களாத் துப்பறிவினம். பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலியடியில சைக்கிளை நிப்பாட்டினால் நான் முதல்ல பாக்கிறது கோழிக்கூட்டை. கூடு திறந்து கோழியள் வெளியில நிண்டால் அம்மா எழும்பியிருக்கிறா, இண்டைக்குப் பரவாயில்லை. கூடு பூட்டியிருந்து உள்ளுக்க கோழியள் கத்திக்கொண்டு நிண்டால், சரி, செருப்பைக் கழட்டாமலே குசினிக்குப் போகவேணும், தம்பியை வெளியிலயே நிப்பாட்டவேணும். இப்பவும் ஆற்றையும் வீட்டுக்குப் போனால் என்ர கண் கோழிக்கூட்டைத் தேடும், கோழி வளக்காத வீடெண்டால் கொஞ்சம் அந்தரமா இருக்கும், பகிடி இல்லை உண்மை.

அப்பா வெள்ளிக்கிழமையில கோல் எடுப்பார், அங்க லீவு நாள். அம்மா கதைக்கிற நிலையில இல்லாட்டில் "அம்மா கோயிலுக்குப் போட்டா அப்பா" எண்டுவன். ஒவ்வொரு வெள்ளியும் அதே பொய். ஒருநாள் அவர் சிரிச்சுக்கொண்டு சொல்லுறார், கொம்மாவுக்கு இப்ப பக்தி கூடிப்போச்சு என்ன எண்டு. நானும் சிரிச்சனான். போனை வைச்சிட்டுப் போய் கிணத்தடியில இருந்தனான், கனநேரம். அவருக்குச் சொன்னால் விட்டிட்டு வந்திடுவார், வந்தால் கடன் நிக்கும், இதெல்லாம் எனக்குப் பதினாலு வயசில கணக்குப் பாத்தமாதிரித் தெரியும்.

வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் ஒண்டு கொட்டிலுக்க கிடந்தது. ஒருநாள் பின்னேரம் அதை உரப்பையில சுத்திக்கொண்டுபோய் பெரியப்பா வீட்டில வைச்சிட்டு வந்தனான். எலி போத்தலைத் தட்டுது எண்டு சொன்னன். பெரியம்மா என்ர முகத்தைப் பாத்தா, ஒண்டும் கேக்கேல்ல, வாங்கி வைச்சா. போகேக்க ஒரு பை நிறைய முருங்கைக்காய் தந்துவிட்டா. (பிறகுதான் வாசிச்சனான், இலங்கையில தற்கொலை வீதம் 1995ல உச்சத்துக்குப் போய் அதுக்குப் பிறகு இறங்கினதுக்கு ஒரு பெரிய காரணம் கடும் நச்சு மருந்துகளை அரசாங்கம் ஒவ்வொண்டாத் தடை செய்ததாம். அதாவது நான் உரப்பையில செய்ததைத்தான் அரசாங்கம் வர்த்தமானியில செய்திருக்கு.)

தம்பி வேற மாதிரி. அவனுக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடத்தால வந்தால் பாக்கை எறிஞ்சுபோட்டு கிரவுண்டுக்கு ஓடுவான், வொலிபோல், இருட்டினாப்பிறகுதான் வருவான். ஊர்சுத்தி, தாயைப் பாக்காதவன், நன்றியில்லாதது, எல்லாப் பேச்சும் வாங்கினவன், கூடப் பேசினது நான்தான். ஒருநாள் சோத்துக் கோப்பையால எறிஞ்சனான் கூட.

இனித்தான் மச்சாளின்ர கதை. பெரிய மாமாவின்ர மகள், சின்னனிலயே அமெரிக்காவுக்குப் போய் இப்ப அங்க பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குக் கவுன்சிலிங் குடுக்கிறது வேலை. அவவிட்ட வாறதில முக்கால்வாசி எல் சல்வடோர், குவாத்தமாலா, ஹொண்டுராஸ் குடும்பங்கள். வட்சப்பில கதைக்கேக்க நான் எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையைப் பற்றிச் சொன்னன், அந்தச் சோத்துப் பார்சலை. மச்சாள் கொஞ்சநேரம் பேசேல்ல. பிறகு "இஞ்சயும் இதேதான், சோத்துக்குப் பதிலா பீட்சாத் துண்டு" எண்டா.

அவையளிலயும் கனபேர் சண்டை கண்ட சனம்தான். குவாத்தமாலாவில 1960ல தொடங்கின சண்டை 1996ல முடிஞ்சது, முப்பத்தாறு வருசம். எல் சல்வடோரில 1980ல இருந்து 1992 மட்டும். சண்டை முடிஞ்சும் வறுமை, கொள்ளைக் கூட்டம் எண்டு சனம் வடக்குப் பக்கம் நடந்துகொண்டே இருக்கு. கன வீட்டில தாய் முதல் போவா, பிள்ளையை அம்மம்மாவோட விட்டிட்டு. அஞ்சு வருசம் பத்து வருசம் கழிச்சுப் பிள்ளையைக் கூப்பிட்டால் அது தாயைத் தெரியாத பிள்ளை, இவ பிள்ளையைத் தெரியாத தாய், ரெண்டு பேரும் ஒரு அறையில. பேப்பர் இல்லாத தாய்க்கு எப்ப பிடிச்சு அனுப்புவாங்கள் எண்ட பயம், அங்க பிறந்த தம்பி தங்கச்சிக்கு மட்டும் குடியுரிமை, ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு சட்டம். இதுக்குள்ள தாய் சோந்துபோனால் அவ ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்பிடுவா.

எனக்கு மயிர் கூச்செறிஞ்ச விசயம் வேற. அந்தத் தாய்மார் என்ன சொல்லுவினமாம் தெரியுமோ? "நெர்வியோஸ்." ஸ்பானிஷில நரம்புகள். கவலை எண்டில்லை, மனவருத்தம் எண்டில்லை, நரம்பு. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்புச் சூடு. ஆடி விழுந்து கத்தி அழுறதுக்கு "அட்டாக்கே தெ நெர்வியோஸ்" எண்டு தனிப் பேர், அமெரிக்க மனநல டொக்டர்மாரின்ர நோய்க் கைநூலில 1994 பதிப்பிலயே அது ஏறியிருக்கு. விசுவமடு மருந்துக்கடைக்காரர் ஸ்பானிஷ் படிக்கேல்ல. ஆனா எல்லா ஊரிலயும் சனம் தன்ர மரியாதையைக் காப்பாத்த நரம்பைத்தான் பிடிச்சிருக்கு.

மச்சாள் சொன்ன இன்னொண்டு எனக்கு ரெண்டு நாள் நித்திரையைக் கெடுத்தது. ப்ரூஸ் கொம்பஸ் எண்டு ஒரு ஆராய்ச்சிக்காரர், மனச்சோர்வு உள்ள தாய் தகப்பனோட வளருற பிள்ளையள் எப்பிடிச் சமாளிக்கினம் எண்டு கனகாலமாப் பாத்துக்கொண்டு வாறவர். நான் விளங்கினபடி எழுதுறன், பிழையெண்டால் மச்சாள் வந்து திருத்துவா. ஒரு சாதிப் பிள்ளை பிரச்சினையைத் தானே திருத்தப் பாக்கும். இன்னொண்டு, இது என்னால மாத்தேலாது எண்டு ஏத்துக்கொண்டு தன்ர மனசை வேற பக்கம் திருப்பும், விளையாட்டு, படிப்பு, ஃபிரண்ட்ஸ். மூண்டாவது, அப்பிடி ஒண்டு நடக்கவே இல்லை எண்டு மூடி வைச்சிட்டு இருக்கும். தாயின்ர வருத்தம் பிள்ளையின்ர கையில இல்லாத விசயம், அதால ரெண்டாவது சாதிதான் கூடத் தப்புதாம், மூண்டாவது கனக்க அடிபடுதாம்.

"அப்ப கிரவுண்டுக்கு ஓடினவன் சரி, கோழிக்கூடு பாத்தவள் பிழையோ?" எண்டு கேட்டன். கோவம்தான் வந்தது. பத்து வருசமா நான் காவின பாரம்.

"பிழை எண்டு ஆர் சொன்னது? நீர் செய்யாட்டில் அண்டைக்கு ஆர் சோறு போட்டிருப்பினம்? ஆனா நீர் சோறு மட்டுமோ போட்டனீர், அம்மாவைச் சுகப்படுத்தவும் எல்லே பாத்தனீர்."

அது சரிதான். நான் ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை எழுதினமாதிரி. இண்டைக்கு வீடு கூட்டி, சத்தம் போடாமல், கணக்கில நூறு எடுத்து வந்தால் அம்மா எழும்புவா. எழும்பாட்டில் நான் எங்கயோ பிழை விட்டிட்டன். தம்பிக்கு இந்தக் கணக்கு இல்லை. அவன் ஏ எல் எடுத்து இப்ப நல்லா இருக்கிறான். நான் ஏ எல் சோதினை ஹோலில முதலாவது பேப்பருக்கே கை நடுங்கி எழும்பி வந்தனான், அடுத்த முறைதான் எழுதினது. ஊர் பொறுப்பானவள் எண்டு சொன்னது என்னை, உருப்படமாட்டான் எண்டது அவனை.

ஆனா மச்சாள் ஒரு பக்கமாக் கதைக்கிற ஆள் இல்லை. பிள்ளையளை வேலை செய்யவிடாதேங்கோ எண்டு அமெரிக்கன் புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் அந்தக் குடும்பங்கள் கதவைச் சாத்திப்போடுமாம். குடும்பம்தான் முதல் எண்டது அவையளுக்கு ரத்தத்தில ஊறினது, அதுக்கு "ஃபமிலிஸ்மோ" எண்டு பேர். ஃபுலிக்னி எண்ட ஒருதரும் அவரோட சேர்ந்தவையும் கலிபோர்னியாவில பெடியளை நாளாந்தம் கொப்பியில எழுதவைச்சுப் பாத்திருக்கினம், வீட்டுக்கு உதவின நாளில நான் நல்ல மகள் நல்ல மகன் எண்ட நினைப்பு வந்து சந்தோசமும் கூடுதாம். எனக்கும் அது தெரியும். முதல்முதல் நான் வைச்ச சொதியை அம்மா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்ச நாள், பாரமெண்டு ஒண்டு இருந்ததே ஞாபகமில்லை. உதவி செய்யிறது பிள்ளையை முறிக்காது, ஏன் செய்யிறன் எண்டு தெரியாமல் செய்யிறதுதான் முறிக்கும் எண்டு நான் நினைக்கிறன், இது ஆராய்ச்சி இல்லை, என்ர எண்ணம்.

பிறகு மொழிபெயர்க்கிற பிள்ளையளைப் பற்றிச் சொன்னா. தாய்க்கு இங்கிலிஷ் தெரியாது, வீட்டுக்காரன் வந்தாலும் கரண்ட் பில் வந்தாலும் பிள்ளைதான் கதைக்கிறது, டொக்டரிட்டயும் பிள்ளைதான். ஒரு பெடியன், ஒன்பது வயசாம், தாய் என்ன சொன்னாலும் "ஷீ இஸ் ஃபைன்" எண்டு ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு இருந்தவனாம். அவசரம் எண்டால் தவிர ஆஸ்பத்திரியள் சின்னப் பிள்ளையளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது எண்டு 2016ல அங்க சுகாதாரச் சட்டத்துக்குக் கீழ ஒரு விதியே வந்திருக்கு. மச்சாள் சொல்லிக்கொண்டு போறா, நான் ம் ம் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன், ஆனா என்ர கண்ணுக்கு முன்னால வேற ஒரு அறை.

2014, மாசி அல்லது பங்குனி. ஒரு ஆஸ்பத்திரி. பெரியம்மாதான் கடைசியில கூட்டிக்கொண்டு போனவ, அண்டைக்கு அவ துண்டு எடுக்கிற வரிசையில நிக்க நானும் அம்மாவும் உள்ளுக்க. டொக்டர் இளம் ஆள், சிங்களவர், நல்ல மனுசன், "அம்மா வாங்கோ இருங்கோ" மட்டும் தமிழ். மொழிபெயர்க்கிற நேர்ஸ் வேற வார்டுக்குப் போட்டா. எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிங்களம் கொஞ்சம், கொந்திராத்து வேலைக்கு வந்த ஆக்களோட கடையில கதைச்சுப் பழகினது கொஞ்சம். நித்திரை வருதோ, தலையிடிக்குதோ எல்லாம் மாத்திச் சொன்னன், பெருமையாவும் இருந்தது. பிறகு அவர் பேனையைக் கீழ வைச்சார். அம்மாவைப் பாத்து மெதுவா ஒரு கேள்வி. அதில "மெரென்ன" எண்ட சொல்லு. சாகிறது. சாகவேணும் போல யோசினை வாறதோ எண்டு கேக்கிறார்.

மேசையில ஒரு கண்ணாடிக்குக் கீழ ஆரோ பிள்ளையின்ர படம், மஞ்சள் சட்டை. ஃபான் சுத்தேக்க கிளினிக் கொப்பியின்ர மட்டை ஒருக்கா எழும்பும், விழும். அம்மா என்னைப் பாக்கிறா.

"பசிக்குதோ எண்டு கேக்கிறார் அம்மா."

"இல்லை."

நான் திரும்பி "நே" எண்டன். அவர் தலையாட்டிப்போட்டு எழுதினார்.

கடவுள் புண்ணியத்தில அந்த மனுசன் அதோட விடேல்ல. குளிசை தந்து, ரெண்டு கிழமையில வரச்சொல்லி, அடுத்தமுறை தமிழ் தெரிஞ்ச உளவளத்துணை அக்கா ஒராளை இருத்தி என்னை வெளியில அனுப்பிப்போட்டார். வாங்கில இருந்து நான் அழுதது அம்மாவுக்காக இல்லை, என்ர வேலை போட்டுது எண்டு. அந்த அக்கா பிறகு வீட்டுக்கும் வந்தவ. அம்மா, நான், தம்பி, மூண்டு பேரையும் மாமரத்துக்குக் கீழ பாயில இருத்தி, அம்மாவைக் கொண்டே சொல்லுவிச்சா. அம்மா நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னவ, "இது ஒரு வருத்தமாம். காய்ச்சல் மாதிரி. மனச்சோர்வு எண்டு பேராம். உங்களால வந்ததில்லை." தம்பி உடன கேட்டான், "நான் விளையாடப் போறதாலயும் இல்லையோ?" மூண்டு வருசமா இல்லாட்டிலும் ஒரு வருசமா அவன் அதை வயித்துக்குள்ள வைச்சிருந்திருக்கிறான், நான் அவனுக்கு யோசினையே இல்லை எண்டு நினைச்சிருந்தன்.

இதையே பொஸ்டனில வில்லியம் பியர்ட்ஸ்லீ எண்ட டொக்டர் ஒரு முறையா வைச்சுச் செய்தவராம், குடும்பத்தை ஒண்டா இருத்தி தாய் தகப்பனைக் கொண்டே பிள்ளையளுக்கு வருத்தத்தைப் பற்றிச் சொல்லுவிக்கிறது. பேந்து அதை அங்க இருக்கிற லத்தீன் குடும்பங்களுக்கு ஏத்தமாதிரி ஸ்பானிஷில மாத்தினவை. எங்கட அக்காவுக்கு இது தெரிஞ்சிருந்ததோ இல்லாட்டில் அவவின்ர மூளையோ, நான் கேக்கேல்ல. மனநல டொக்டர் தயா சோமசுந்தரம் சேர் வன்னிச் சனத்தின்ர காயத்தைக் கூட்டுக் காயம் எண்டு எழுதினவர், தனித்தனி ஆளுக்கு மட்டும் இல்லை குடும்பத்துக்கும் ஊருக்கும் பட்டது எண்டு. எனக்கு அது விளங்கினது அந்தப் பாயில இருந்துதான்.

குளிசை வேலை செய்ய ஒரு மாசத்துக்கு மேல எடுத்தது, அதையும் இடையில அம்மா ஒருக்கா நிப்பாட்டி, திரும்ப விழுந்து, திரும்ப எடுத்து. நேரா ஏறின கதை இல்லை. இப்பவும் வைகாசி வந்தால், சண்டை முடிஞ்ச மாசம், கொஞ்சம் ஆடுவா. நாங்களும் சொல்லிவைச்சமாதிரி வீட்டில நிப்பம். ஆருக்கும் ராவில தாங்கேலாமல் போனால் இலங்கையில 1926 எண்ட மனநல உதவி நம்பர் இருக்கு, இருபத்திநாலு மணித்தியாலமும் எடுக்கலாம், இதைச் சொல்லாமல் போனால் மச்சாள் என்னை விடமாட்டா.

போன கிழமை அந்தப் பிள்ளையை இன்ரவல் நேரம் கூப்பிட்டு என்னோட வாழை நடவைச்சனான். அம்மா எப்பிடி எண்டு கேக்கேல்ல, எல்லாரும் அதைத்தானே கேக்கினம். என்ர அம்மாவுக்கு முந்தி ஒரு வருத்தம் வந்தது, தலையிடி எண்டுதான் நானும் சொன்னனான் எண்டு என்ர கதையைச் சொன்னன். அவள் மண்ணை மிதிச்சுக்கொண்டே கேட்டாள், "உங்கட அம்மாவும் கதைக்கமாட்டாவோ ரீச்சர்?" ஓம் எண்டன். அவ்வளவுதான் கதைச்சது. அடுத்தநாளும் பிந்தித்தான் வந்தாள். சோத்துப் பார்சலுக்கு மட்டும் குசினி அக்காவிட்டச் சொல்லி ஒரு அகப்பை கூடப் போடுவிக்கிறன்.

அண்டைக்குப் பின்னேரம் வீட்டில அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்க, பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி எப்பிடியோ அந்த ஆஸ்பத்திரி அறைக்கு வந்திட்டன். பன்னிரண்டு வருசமா ஒருத்தருக்கும் சொல்லாதது. அம்மா, அண்டைக்கு டொக்டர் கேட்டது பசியில்லை, நான் மாத்திச் சொன்னனான் எண்டு சொன்னன்.

துருவுறதை நிப்பாட்டேல்ல. "தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"முகாமில எத்தினை தரம் கேட்ட சொல்லு அது."

"அப்ப ஏனம்மா இல்லை எண்டனீங்கள்?"

"நீ கேட்டதுக்குத்தானே மறுமொழி சொல்லவேணும்," எண்டா. "பசிக்கேல்லத்தானே அண்டைக்கு." பிறகு மற்றப் பாதித் தேங்காயை எடுத்துத் தரச்சொன்னா.